பூவரச இலையில் வெந்த பிஸ்கட்

1. யுத்த காலம். புதுக்கோட்டையில் பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். கட்டுமாவடியிலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி டைபாய்டு காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள்.

2. இருபத்திரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அதுவரை கூடவே இருந்த அவள் அப்பா, "கண்டம் தாண்டிருச்சுங்க. நான் தொழிலுக்குப் போயிட்டு அக்காவ அனுப்புறேன்" என்று பஸ் ஏறினார்.

3. அன்று மாலையே டாக்டரம்மா புது ஆகாரம் எழுதினார். பாலில் ஊறிய ஆரோரூட் பிஸ்கட், இரண்டு.

4. குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டாள்.

5. மறுநாள் நான் பிஸ்கட்டைத் தூளாக்கிப் பாலில் கரைத்து, "வெறும் பால்தான்" என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவள் துப்பிவிட்டாள்.

6. அதற்குப் பிறகு என் கையால் எதையுமே வாங்கவில்லை. பார்லிக் கஞ்சி, மோர் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன.

நான் நோட்டில் 'பிடிவாதம்' என்று எழுதி வைத்தேன். அடுத்த நாளும் அதையே எழுதினேன். இருபத்திரண்டு நாள் காய்ச்சலில் அந்த உடம்பில் எலும்பைத் தவிர மிச்சம் ஒன்றும் இல்லை. நாடி மெலிந்துகொண்டே வந்தது. நான்காம் நாள் காலை டாக்டரம்மா, "நாளைக்கு வரைக்கும் பார்ப்போம். இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான். இந்த உடம்பு அதைத் தாங்குமா, தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மதியம் குழந்தையின் அத்தை வந்தார். மீன் விற்கிறவர். அவர் வருவதற்கு முன்பே குரல் வந்தது.

"எம் மருமக எங்கிட்டுங்க கெடக்கா? அந்தக் கரியில ஓடுற பஸ்ஸு அறந்தாங்கியில மூச்ச விட்டுருச்சு. நேத்தே வர வேண்டியவ நான்!"

குழந்தையைப் பார்த்ததும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து ஸ்டாண்டில் இருந்த பிஸ்கட் டப்பாவைப் பார்த்தார். என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இதையா இவளுக்குக் குடுத்தீங்க?"

"காய்ச்சல் விட்டவர்களுக்கு இதுதான் நல்ல ஆகாரம்" என்றேன்.

"இவ அம்மா கெடையாக் கெடந்தப்ப, இனிமே ஒண்ணும் எறங்காதுன்னு ஆன பொறவுதான் எந்தம்பி ஓடிப்போயி பிஸ்கோத்து வாங்கியாந்தான். தின்னா. விடியயில ஆளு இல்ல. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் அப்புடித்தான். எங்க ஊருல ஒருத்தன் பிஸ்கோத்துப் பொட்டலத்தோட போனா, எந்த வீட்டுலன்னுதாங்க கேப்பாக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா போகிறார். அன்று மாலையே பிஸ்கட் வருகிறது. அந்தக் குழந்தைக்கு இதில் வேறு என்ன அர்த்தம் தெரிந்திருக்கும்? அதைத்தான் நான் பாலில் ஒளித்துக் கொடுத்திருக்கிறேன்.

"இனிமேல் பிஸ்கட் கொடுக்கவில்லை" என்றேன்.

"நிறுத்திட்டா? வேற எதுலயோ கலந்துட்டாகன்னுல நெனப்பா. அடுப்பு எங்கிட்டு இருக்கு, சொல்லுங்க."

கொழுக்கட்டை செய்யப் போகிறாராம். டைபாய்டில் வந்த குடல் புண் ஆறாத குழந்தைக்கு! தேங்காய் கூடாது, எண்ணெய் கூடாது, நார் உள்ள எதுவும் கூடாது என்று வரிசையாகச் சொன்னேன்.

"பொறவு எதத்தாங்க திங்கிறது, காத்தையா?"

பிஸ்கட், பால், வடிகட்டிய பனங்கற்கண்டுப் பாகு. இவ்வளவுக்குத்தான் அனுமதி என்றேன். டாக்டரம்மாவும் சரி என்றார்.

"போதும்" என்றார் அத்தை.

ஆனால் மாவை அடுப்படியில் பிசையவில்லை. குழந்தையின் கட்டிலிலேயே உட்கார்ந்து, அவள் கண்ணெதிரில், டப்பாவைத் திறந்து பிஸ்கட்டுகளை ஒரு பித்தளைச் சட்டியில் கொட்டினார். டம்ளரின் அடியால் நுணுக்கினார். சூடான பாலைச் சிறிது சிறிதாகத் தெளித்து, பாகை விட்டுப் பிசைந்தார். குழந்தை முகத்தைத் திருப்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பூவரச மரத்திலிருந்து இலை பறித்து, நான் வெந்நீரில் அலசிக் கொடுத்தேன். அவர் எதையும் அளக்கவில்லை. கிள்ளிக் கிள்ளி உருட்டி இலைக்குள் வைத்து மடித்தார். எட்டும் ஒரே அளவு. தராசில் மருந்து நிறுத்துப் பழகிய எனக்கு அந்த விரல்களிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

அடுப்படியில் ஆவி வந்ததும், பினாயில் வாடை மட்டுமே தெரிந்த எங்கள் வார்டில் முதல்முறையாக விசேஷ வீட்டு மணம் வந்தது.

அத்தை தட்டைக் குழந்தையிடம் கொண்டுபோகவில்லை. முதல் கட்டிலுக்குப் போனார். பிரசவமாகி எட்டு நாள் ஆன பெண் அங்கே இருந்தாள்.

"என்னக்கா விசேஷம்?"

"எம் மருமக காச்சல்ல இருந்து எந்திரிச்சிட்டால்ல, அதுக்குத்தான். தின்னு."

இப்படியே ஐந்து கட்டில். கால் முறிந்து கிடந்த அம்மாள், "காலு முறிஞ்சு வந்ததுக்கு இதாவது கெடச்சுச்சே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் தொண்டையில் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை தானும் ஒன்றைத் தின்றார். அப்புறம் என்னிடம் வந்தார்.

வார்டுக்குள் நாங்கள் சாப்பிடக் கூடாது. தயங்கினேன்.

"என்ன நர்சம்மா, ஊருக்கெல்லாம் மருந்து ஊத்துற கை, ஒரு கொழுக்கட்டைக்கு நடுங்குது?"

வாங்கித் தின்றேன். வெண்ணெய் போலக் கரைந்தது. குழந்தை என் முகத்தையே பார்த்தாள். நான்கு நாளில் முதல்முறையாகப் பேசினாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?"

"இல்லையே."

"இப்பவும்?"

"இப்பவும் இல்லை."

மற்ற ஐந்து கட்டில்களையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். பிறகு, மெதுவாக வாயைத் திறந்தாள்.

நான் பிரசவம் பார்த்திருக்கிறேன். அழாமல் பிறந்த சிசு முதல் மூச்சு இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாய் திறந்தபோது உடம்பு சிலிர்த்ததைப் போல அப்போதெல்லாம் எனக்குச் சிலிர்த்ததில்லை. நான் கொடுத்த அதே பிஸ்கட், அதே பால்தான். அவள் ஒருத்திக்கு மட்டும் என்று இருந்ததை அத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார். எங்கே படித்தாரோ!

அவள் இரண்டாவது வாய் மெல்லும்போது, "அன்றைக்குப் பால் என்று பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

பத்து நாள் கழித்து அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வாசலைத் தாண்டிப் போனாள். இப்போது கட்டுமாவடியில் நன்றாக இருக்கிறாள். நான் இன்னும் அதே வார்டில்தான் வேலை பார்க்கிறேன். காய்ச்சல் விட்டவர்களுக்கு இப்போதும் பிஸ்கட்தான் கொடுக்கிறோம். கொடுப்பதற்கு முன் ஒரு துண்டை அவர்கள் எதிரிலேயே நான் தின்றுவிடுகிறேன்.