முதல் வெட்டு

இத்தாலியின் பலெர்மோவில் ஒக்ரோபர் முடியும்போதும் வெயிலுக்குப் போக மனம் வராது. தொண்ணூற்றெட்டில் அப்படியொரு பின்னேரம், கனகேஸ்வரி வேலைசெய்த வீட்டுக் குசினி தேன் ஊற்றியதுபோல் கிடந்தது. மேசையில் ஒரு பூசணிக்காய். இந்த ஊரில் இறந்தவர்களே வருடாவருடம் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்களாம். அது போதாதென்று, வீட்டுப் பிள்ளைகள் கியாராவுக்கும் தொத்தோவுக்கும் தொலைக்காட்சியில் கண்ட பூசணிப் பேய்முகமும் வேண்டியிருந்தது.

வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, இரசாயனம் படிப்பிப்பவர். எதையும் நம்பாதவர், கண்ணூறு படாமலிருக்கச் சாவிக்கொத்தில் தொங்கும் சிவப்புக் கொம்பைத் தவிர. பிள்ளைகளோடு இருந்து வெட்டிக்கொடு என்று கத்தியை நீட்டினார்.

கனகேஸ்வரி வாங்கினாள், வெட்டவில்லை. முழுப் பூசணிக்காயில் முதல் வெட்டு ஆம்பிளையுடையது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் கத்தி வைக்கவே கூடாது. அவளுடையதோ ஒன்பது வருடம் காக்கவைத்து வந்த பிள்ளை. சிஞ்ஞோராவுக்கு இன்னும் சொல்லவில்லை. வயிறு தெரிந்த மாதமே சிநேகிதி ஒருத்திக்கு வேலை போயிருந்தது.

பல்கனிக்குப் போனாள். எதிர்க் கட்டடத்தில் புருசன் ஆனந்தராசா படி கழுவிக்கொண்டிருந்தான்.

"இஞ்சை ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. பூசினிக்காய் வெட்ட வேணும்."

"ஏன், அங்கை கத்தி இல்லையோ?"

"கத்தி இருக்கு. நான் வெட்டலாமோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு வாளியைக் கீழே வைத்தான்.

மடித்த காற்சட்டையும் ஈரக் காலுமாக வந்து, சத்திரசிகிச்சை செய்பவனின் முகத்தோடு மூடியை அறுத்தெடுத்தான். இதற்கொரு ஆம்பிளையா என்று சிஞ்ஞோரா கேட்க, கனகேஸ்வரி தங்கள் ஊர் வழக்கத்தில் பாதியைச் சொன்னாள். தன் புருசனுக்குப் பாண் வெட்டவும் தெரியாதென்று சிஞ்ஞோரா சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது. கனகேஸ்வரியின் இடதுகை வயிற்றில் இருந்தது; மீதிப் பாதியை அது சொல்லிவிட்டது.

"எத்தனை மாதம்?"

"மூன்று."

பிள்ளைகள் முழங்கை வரை பூசணிக்குள் இருந்தார்கள். விதைகள் நிலத்தில் வழுக்கின. சிஞ்ஞோரா, சனிக்கிழமை கழற்றித் தோய்க்கவிருந்த உயரத் திரைச்சீலைகளை நிமிர்ந்து பார்த்தார். கனகேஸ்வரியும் பார்த்தாள். வேலை அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்படியென்றால் ஏணியில் யார் ஏறுவது?" என்ற சிஞ்ஞோரா, கத்தியோடு நின்ற ஆனந்தராசாவைக் காட்டினார். "முதல் வெட்டு இவருடையதென்றால் ஏணியும் இவருடையதுதான். நீ பிள்ளைகளைப் பார். அடுத்த வருடம் மூன்று பேரைப் பார்ப்பாய்."

சொல்லிவிட்டு, ஒருவரும் காணாதபடி சிவப்புக் கொம்பைத் தொட்டுக்கொண்டார்.

வெயில் ஒருவழியாகப் போனது. தொத்தோ கீறிய கோணல்வாய்க்குள் மெழுகுதிரி எரிந்தது. குசினிச் சுவர்கள் மெல்ல அசைந்தன, தண்ணீருக்குள் இருப்பதுபோல.

"என்னவாம்?" என்றான் இத்தாலியன் பாஷை பிடிபடாத ஆனந்தராசா.

"சனிக்கிழமை நீங்கள் ஏணியிலை ஏற வேணுமாம்."

"நான் பூசினிக்காயோடை முடியுமெண்டெல்லோ நினைச்சன்."