போத்தலில் நான் ஊற்றியது

சமாதானப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 2003ஆம் ஆண்டு. முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் தாதியாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

கடற்தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவில் மூன்று கட்டிகள். புற்றுநோயோ என்ற பயத்தில் ஆளே பாதியாகியிருந்தார். டொக்டர் ஒரு கட்டியை வெட்டியெடுத்து, அழுகாமல் காக்கும் போமலின் திரவத்தில் போட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும்படி என்னிடம் சொன்னார். அங்கேதான் அதை மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்து நோயைச் சொல்வார்கள்.

போமலின் முற்றத்துக்கு அப்பால் களஞ்சிய அறையில் இருந்தது. வார்டு நிறைய மலேரியாக் காய்ச்சல்காரர். கைக்கு எட்டியது சேலைன். சுத்தமான உப்புத்தண்ணீர்தானே, கட்டி நனைந்து கிடந்தால் போதும் என்று நினைத்து அதையே போத்தலில் ஊற்றி அனுப்பிவிட்டேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அனுப்பிய கட்டி பழுதாகிவிட்டது, ஒன்றும் சொல்ல முடியாது, வேறொன்று அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

"முகமாலைச் சோதனைச் சாவடியில பஸ் கனநேரம் வெயிலுக்குள்ள நிண்டிருக்கும்" என்றார் டொக்டர்.

நான் ஊற்றிய சேலைன்தான் காரணம் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் பழி வெயிலின்மேலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் விஷயத்தைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். இன்னொரு கட்டியை வெட்டவேண்டும் என்றதுமே பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டார்.

"எனக்கு விளங்குது பிள்ளை. கான்சர் எண்டு கடிதம் வந்திட்டுது. நீங்கள் மறைக்கிறியள். சாகப்போறவள் ஏன் இன்னொருக்கா வெட்டு வாங்குவான்?"

வாசல்வரை போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன்.

"அக்கா, நில்லுங்கோ. கடிதத்தில அப்பிடி ஒண்டும் இல்லை. நான்தான் பிழை விட்டனான். போமலின் ஊத்தாமல் சேலைனை ஊத்திப்போட்டன். அதாலதான் கட்டி பழுதாப்போச்சு."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் பையோடு என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப மெய்யாவே இன்னும் ஒருதருக்கும் தெரியாதோ?"

"ஓம் அக்கா. சத்தியமா ஒருதருக்கும் தெரியாது."

பையைக் கீழே வைத்தார். "அப்ப வெட்டச் சொல்லு. ஆனா இந்தமுறை போத்தலை நீயே கொண்டுபோகவேணும்."

டொக்டரிடமும் ஒத்துக்கொண்டேன். நல்ல ஏச்சு விழுந்தது. இரண்டாவது கட்டியைப் போமலினில் போட்டு, போத்தலை மடியில் வைத்தபடி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். ஆய்வுகூட டொக்டர் என்னை நுணுக்குக்காட்டியின் முன் இருத்தி, முதலில் வேறு யாருடையதோ சதைச் சீவலை ஒட்டிய கண்ணாடித்துண்டைக் காட்டினார். இளஞ்சிவப்பு நிறத்தில் உயிர்க்கலங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கருநீலப் பொட்டு. பிறகு நான் முதலில் அனுப்பிய கட்டியைக் காட்டினார். வெளிறிப்போன சிவப்பைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. பொட்டும் இல்லை, ஓரமும் இல்லை. ஒரு மனுசியின் கழுத்திலிருந்து வெட்டியெடுத்ததை அப்படிக் கரைத்துவிட்டிருந்தேன்.

முடிவு வந்தது. சயரோகம், அதாவது காசநோய். குளிசை விழுங்கினால் சுகமாகிவிடும். ஆறு மாதத்தில் கட்டிகள் வற்றிவிட்டன. குளிசை எடுக்க வரும்போதெல்லாம் வார்டே கேட்க, "எங்க என்ர போத்தல்காரி?" என்று கூப்பிடுவார்.

மறுபடி யுத்தம் தொடங்கி எல்லாரும் இடம்பெயர்ந்த பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கும் வேலையில் ஒரு பிழை விட்டால், அதை முதலில் அந்த நோயாளியிடமே போய்ச் சொல்கிறேன். சொல்லும்போது இன்னமும் குரல் நடுங்கத்தான் செய்கிறது.