அண்ணன் வாய் திறந்த நாள்

அந்தோணியார் சிலை இருக்கும் இந்தக் கெபி முன்னால் செவ்வாய்தோறும் கூடும் சகோதர சகோதரிகளே, எனக்குக் கிடைத்த உதவியைச் சொல்ல வந்திருக்கிறேன். உங்களில் சிலர் அன்று சொன்னதையும் மறக்கவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிளஸ் டூ படிப்பு வந்த புதிது; நான் அதில் சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த வருஷத் தவக்காலத்தில் என் அண்ணன் ஆரோக்கியத்துக்குக் கடைவாய்ப் பல் புரையோடிப் போனது. அண்ணன் பிறவியிலேயே மூளை வளர்ச்சி இல்லாதவன். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. கன்னத்தைச் சுவரில் மோதுவான். கஞ்சி இறங்கவில்லை. தாடை வீங்கி, வீக்கம் கழுத்துக்கு இறங்கி, காய்ச்சல் கண்டது. சீழ் ரத்தத்தில் கலந்தால் உயிர் தங்காது என்றார்கள்.

வாயில் கை வைக்க யாரையும் விடமாட்டான். மெட்ராஸுக்குக் கொண்டுபோய், முழு மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். அப்பாவுக்கு மல்லாட்டை ஆட்டும் எண்ணெய் மில்லில் வேலை. சம்பளத்தில் அரசாங்க இன்சூரன்ஸுக்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள். குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. நான் படித்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க்குக்குத்தான் படிக்க நேரமில்லை.

“பல்லு புடுங்க மயக்க மருந்தாம்மா? ரூல்ல இல்ல. பல் டாக்டர் அவசியம்னு எழுதிக் குடுத்தா பாக்கலாம்.” பிறகு அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். “இதுக்கெல்லாம் பல்லு எதுக்கு? கஞ்சிதான குடிக்கப் போவுது.”

அவர் வாய் நிறைய வெற்றிலை. அதை மெல்லுவதற்கு மட்டும்தான் அவருக்கு ஆண்டவர் பல் கொடுத்திருந்தார்.

இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்கு வாரம் ஒருநாள் வரும் பல் டாக்டரிடம் போனோம். அண்ணன் வாயை இறுக்கிக்கொண்டான்.

“தொறந்து காட்டினாதான எழுத முடியும்? பாக்காம எழுத நான் என்ன ஜோசியக்காரனா?”

“தொறக்கமாட்டான்றதுதான் சார் கஷ்டமே. அதைத்தான் எழுதச் சொல்றோம்.”

“படிச்ச திமிரு! அடுத்த வாரம் கூட்டியா.”

வாயைத் திறக்காதவன் என்று எழுதுவதற்கு அவன் வாயைத் திறக்க வேண்டும். இந்த அறிவுக்கு அரசாங்கம் நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்திருந்தது.

நம் கோயில் ஆட்கள் மட்டும் என்ன? “சிலுவைன்னு நெனச்சித் தாங்கிக்கம்மா” என்றார் ஒரு அக்கா. தனக்குப் பல் வலித்தபோது முதல் பஸ்ஸில் வேலூருக்கு ஓடியவர் அவர். தன் சிலுவையை பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கி வைத்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த வாரம் அண்ணன் தண்ணீரையும் துப்பினான். அம்மா அழுவதைக்கூட நிறுத்திவிட்டாள். நான் கெபியில் மண்டியிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன். “அந்தோணியாரே, அவன் வாயைத் திறக்க வையுங்க. அந்த டாக்டர் பாக்கட்டும்.” அதில் பாதிதான் ஜெபம், மீதி வசவு. இரண்டையும் அவர் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் தேரடித் தெருக் கூட்டத்தில் அண்ணன் மிரளாமலிருக்க, தலையில் துண்டைப் போட்டு நடத்திக் கூட்டிப் போனோம். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு எழுந்து வந்தார். பல் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை இரண்டு விரலால் பிடித்து, அவன் முகத்துக்கு நேரே உயர்த்தினார். ஜன்னல் வெளிச்சத்தில் அது வெள்ளையாக மின்னியது.

அண்ணன் கைகூப்பினான். “ஆமென்” என்றான். கண்ணை மூடி நாக்கை நீட்டினான்.

பூசையில் சாமியார் வெள்ளை வட்ட அப்பத்தை உயர்த்திக் காட்டி நாக்கில் வைப்பார்; அந்த நற்கருணையை வாங்க அவனை அப்படித்தான் பழக்கியிருந்தோம். அவன் ஒழுங்காகக் கற்றது அது ஒன்றுதான். வாங்கியதும் வாயை இறுக்க மூட வேண்டும், ஓரமாகப் போய் முழங்கால் போட வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றிருந்தான்.

டாக்டருக்கு அதெல்லாம் தெரியுமா? “நல்லாத்தான தொறக்கறான்! இவனுக்கு மயக்கம் ஒரு கேடா?” என்று சொல்லி, விரலை உள்ளே விட்டு ஈறை அழுத்தினார்.

அண்ணன் வாயை மூடினான். பக்தியாகத் திரும்பினான். சுவரோரம் போய் முழங்கால் போட்டான். விரல் உள்ளேதான் இருந்தது. டாக்டரும் கூடவே போய் முழங்கால் போட்டார்.

“ஐயோ, விடச் சொல்லும்மா!”

“பாத்துட்டீங்களா சார்? இப்ப எழுதலாமா?” என்றேன்.

“எழுதறேன் தாயே, எழுதறேன்!”

அம்மா அண்ணன் நெற்றியில் சிலுவை போட்ட பிறகுதான் விட்டான். கட்டுப் போட்ட விரலோடு டாக்டர் எழுதினார்: சீழ்க்கட்டி, முழு மயக்கமின்றி வைத்தியம் இயலாது, உடனே மெட்ராஸுக்கு அனுப்பவும். கிளார்க்குக்கும் அன்றுதான் அந்த ரூல் கண்ணில் பட்டது.

மெட்ராஸில் அண்ணனைத் தூங்க வைத்துச் சொத்தைப் பற்களை எடுத்தார்கள். எல்லாம் இன்சூரன்ஸில். ஈஸ்டர் அன்று அண்ணன் கறிச்சோறு தின்றான். அம்மா தன் தட்டை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டது வாய் திறக்க மட்டும். திறந்ததைப் பார்த்தாலும் அந்த மனுஷனுக்குப் புத்தி வராது என்று அந்தோணியாருக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் மூடியும் காட்டினார். அவருக்குக் கோடி நன்றி.

முன்பெல்லாம் ஆபீஸ் படியேறவே தயங்கிய பெண் நான். இன்று அண்ணனைப் போன்ற பிள்ளைகள் உள்ள வீட்டார் கூப்பிட்டால், அட்டையை எடுத்துக்கொண்டு கூடவே போகிறேன். நீங்களும் போங்கள். போகுமுன் கெபியில் முழங்கால் போடுங்கள். ஆபீஸில் போடாதீர்கள். அங்கே யாரைப் போட வைப்பது என்பதை அந்தோணியார் பார்த்துக்கொள்வார்.