அன்றைக்கு நான் மலையேறிவிட்டேன்

என் மனைவிக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தபோது முதலில் பயந்தவன் நான்தான். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். தோசை ஊற்றிக்கொண்டே, சட்னியில் உப்பு கம்மி என்று சொல்வதுபோல என்னிடம் சொன்னாள். நான் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினேன். திரும்பி வந்து, "கர்த்தர் பாத்துக்குவாரும்மா" என்றேன்.

அந்த வார்த்தை எனக்குப் பழகிப்போன ஒன்று. வடக்கனந்தலில் எங்கள் சபை சிறியது. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே கூடம். போதகர் பக்கத்து ஊர்களுக்கு ஆராதனை நடத்தப் போகும் ஞாயிறுகளில் நான்தான் பிரசங்க மேடையில் நின்று செய்தி கொடுப்பேன். வெள்ளிமலையில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார் என்பதால் எழுந்து நின்று பேசுவதில் கூச்சம் கிடையாது. கவலைப்படுகிறவர்களைப் பற்றி நான் பேசினால் நன்றாக இருக்கும் என்று ஒரு பெயரும் உண்டு. விதைக்காத பறவைக்கும் ஆண்டவர் தீனி கொடுக்கிறார் என்று நான் குரலை உயர்த்தும்போது, கரும்பு வெட்டப் போகிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். அவர் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்து, சோதனைக்குச் சேலம் அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்போனில் அந்த நோயைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அவள் பக்கத்தில் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் குடும்ப ஜெபம் செய்யும்போது மட்டும் என் குரல் கல் மாதிரி உறுதியாக இருந்தது. "நாங்க பயப்பட மாட்டோம் ஆண்டவரே" என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். அவள் கண்ணை மூடியபடி ஆமென் என்றாள். ஆண்டவர் முன்னாலேயே நடிக்கிறோமே என்று அப்போதே உறுத்தியது. ஆனாலும் நான் ஆட்டம் கண்டால் அவள் உடைந்துவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முடிவு வந்துவிட்டது, வியாழக்கிழமை காலையில் வாருங்கள் என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது. வீட்டுக்காரரையும் அழைத்து வரச் சொன்னார்கள்.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். விஷயம் தெரிந்ததும் முந்தின நாளே என்னைக் கூப்பிட்டு, "சார், நாளைக்கு நீங்க வர வேணாம். பரீட்ச ஹாலை நான் பாத்துக்கறேன். வூட்டுக்காரம்மா கூடப் போங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். மலையிறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, டாக்டரம்மா வாயைத் திறப்பதும் நான் எதிரில் உட்கார்ந்து கேட்பதும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே, "பரீட்ச நேரம்மா, லீவு குடுக்க முடியாதுன்னுட்டாரு" என்றேன்.

"நீங்க வந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

"கர்த்தர் உன்கூட வருவாரு. நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

இதை நான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்ததல்ல. மென்மையாக, அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினாள், நான் வெள்ளிமலை பஸ் ஏறினேன். மலைப்பாதையில் ஒரு வளைவு தாண்டியதும் போனில் சிக்னல் போய்விடும். அன்றைக்கு அது போனபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இனிமேல் யாரும் எனக்கு எதையும் சொல்ல முடியாது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

என்னைக் கண்டதும் தலைமையாசிரியர், "இன்னா சார், நீங்க இங்க வந்துகினு இருக்கீங்க?" என்றார். மச்சினி துணைக்குப் போயிருக்கிறாள் என்று இன்னொரு பொய் சொல்லிவிட்டுப் பரீட்சைக் கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். ஜெபிக்கலாம் என்று பார்த்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை.

மதியத்துக்கு முன்னால் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர் அறையில் ஜன்னலோரம் மட்டும் அவர் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றபடி போனை என்னிடம் நீட்டினார். "உங்க வூட்டுக்காரம்மா பேசறாங்க" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

"கெட்ட கட்டிதானாம்" என்றாள் அவள். "சேலத்துல ஆபரேஷன் பண்ணணுமாம். சீக்கிரம் கண்டுபுடிச்சதால ஜாஸ்தி பயப்பட வேணாம்னு சொல்றாங்க."

நான் ம் என்றேன்.

"லீவு குடுத்தாராமே. உங்க ஹெட்மாஸ்டரு இப்பதான் சொன்னாரு." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "பஸ் ஸ்டாண்டுல உக்காந்துகினு இருக்கேன். வாங்க."

அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று கிளம்பியது. டிரைவரிடம் கெஞ்சி மூட்டைகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு மூட்டைகள் என் மேல் சாய்ந்தன. அவற்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டே, "எனக்குப் பயமா இருக்கு ஆண்டவரே. அதான் ஓடிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். முன்னாலிருந்து டிரைவர், "இன்னா சார்? நிறுத்தணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அத்தனை வாரங்களில் நான் செய்த உண்மையான ஜெபம் அது ஒன்றுதான். அதைச் செய்ய அவள் தனியாகப் போய் உட்கார வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், சேலம் பஸ்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே சிமெண்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. அழுத முகமாகத் தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"கர்த்தர் கூட இருப்பாருன்னு சொன்னீங்க" என்றாள். "இருந்தாருங்க. டாக்டரம்மா சொல்றப்போ என் கை நடுங்கல. நீங்கதான் இல்ல."

பஸ்காரர்கள் ஊர்ப்பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தலை நிமிராமல், "பயந்துட்டேன்மா. மொதல் நாள்லேர்ந்தே பயந்துகினு இருக்கேன்" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். "அத முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. நீங்க தெனமும் பயமில்ல பயமில்லன்னு ஜெபம் பண்றீங்க. எனக்கு மட்டுந்தான் விசுவாசம் இல்லியோன்னு நெனச்சிகினு இருந்தேன்."

லீவு விஷயத்தில் சொன்ன பொய்யைவிட இதுதான் என்னைக் கொன்றது. அவளைத் தாங்குகிறேன் என்று நினைத்து நான் எழுப்பிய சத்தம், அவளை ஆண்டவரிடமிருந்தே கூசிப் பின்வாங்க வைத்திருக்கிறது.

அந்த ஞாயிறு நான்தான் செய்தி கொடுக்க வேண்டும். வேறு யாராவது பேசட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பேசுங்க, இல்லாதத மட்டும் பேசாதீங்க" என்றாள் அவள். எழுந்து நின்றேன். அவளுக்கு வந்திருக்கும் நோயைச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்காக ஜெபியுங்கள் என்றேன். அதற்கு மேல் பேசாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மயக்கம் வந்துவிட்டதாக நினைத்து ஒரு பெரியவர் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தார். யாரோ ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் பாடினார்கள். மலையேறி ஒளிந்துகொண்டதை மட்டும் நான் சொல்லவில்லை.

பிறகு ஆபரேஷன், கீமோ என்று சேலத்துக்கு நடையாய் நடந்தோம். எல்லா முறையும் கூடப் போனேன். அவள் வாந்தியெடுக்கும்போது வாளியைப் பிடித்தேன், கொட்டிய முடியைக் கூட்டி அள்ளினேன். டாக்டர் பேசும்போது எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்ததுண்டு. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. காலை ஜெபத்தில் இருவரும் அவரவர் பயத்தைச் சொன்னோம். சில நாள் அதோடு ஜெபம் முடிந்துவிடும். அப்படிச் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிற தைரியத்தை எங்கிருந்தோ ஆண்டவர் கொடுத்தார்.

இப்போது அவள் தேறிவிட்டாள். அவ்வப்போது பரிசோதனைக்குப் போய் வருகிறோம். ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். அவளும் மன்னித்தாள், அதைப் பற்றி ஒரு தடவைகூடக் குத்திப் பேசியதில்லை. ஆனால் அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாகக் கிடந்திருக்கும். அந்தக் காலைக்குத் திரும்பிப் போய் அதில் உட்கார என்னால் முடியாது.

போன மாதம் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சபையில் ஒரு பெண் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் வூட்டுக்காரரு மாதிரி யாருக்கும் அமையாதுக்கா. ஒரு நாள்கூட உன்ன தனியா உடலியே" என்றாள்.

இப்படிச் சொல்வதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். என் மனைவி ஒருமுறையும் திருத்தியதில்லை. நானும் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு, "இல்லம்மா, முக்கியமான நாளு ஒண்ணுல உட்டுட்டு ஓடிட்டேன். லீவு இல்லன்னு பொய் சொல்லி" என்றேன்.

அந்தப் பெண் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்திக்கொண்டாள். என் மனைவி அவள் கையை விடாமலே, "அவரு சொல்றது நெசந்தான்" என்றாள்.