மெட்ராஸ் கண்

திங்கட்கிழமை காலை என் மகள் ஜெனிக்கு இடது கண் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துப் பிரித்தால், கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. மெட்ராஸுக்கு வெளியே மண்ணூரில், கம்பெனி வேலைக்கு வந்து நாங்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீட்டில் அடுத்த வாசல் சுகுணா அக்காவுடையது. எட்டிப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: “இன்னா பாப்பா, கண்ணு இப்டி செவந்துகினு கீது? மெட்ராஸ் ஐ. நாலு நாள்ல பூடும்.” தெற்கே எங்கள் ஊர் நாசரேத் பக்கம் இது வெறும் கண்வலி. இங்கே வந்த பிறகு கண்வலிக்குக்கூட ஊர்ப் பெயர் சேர்ந்துவிட்டது. ஐந்து வயதுக்காரி, மெட்ராஸ் எப்படிக் கண்ணுக்குள் வரும் என்று கேட்பாள் என்று பார்த்தேன். கேட்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா போனதும் என் காதில் சொன்னாள்: “அது மெட்ராஸ் இல்லம்மா. இயேசப்பா குத்திட்டாரு.”

பொய் சொன்னால் இயேசப்பா கண்ணைக் குத்திவிடுவார் என்று அவளை மிரட்டி வைத்திருப்பது நான்தான். என் அம்மாவும் என்னை அப்படித்தான் மிரட்டினாள். வேதத்தில் அப்படி ஒரு வசனம் கிடையாது. ஊரில் எல்லா வீட்டிலும் சாமி கண்ணைக் குத்தியது. எங்கள் வீட்டில் இயேசப்பா குத்தினார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆணி பாய்ந்த கையோடு படத்தில் நிற்கிறவர் பிள்ளைகளின் கண்ணை ஏன் குத்தப்போகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. இந்த முப்பத்திரண்டு வயதிலும், காய்ச்சல் என்று புளுகி சூப்பர்வைசரிடம் லீவு கேட்டால் என் இமை துடிக்கிறது.

நேற்று அவள் சொன்ன பொய்யும் என்னுடையதுதான். அவள் அப்பாவுக்கு ஞாயிறும் ஓ.டி. நான் ஆறு நாள் கம்பெனி லைனில் நின்ற காலோடு ஏழாம் நாள் எழுந்திருப்பதில்லை. கோயிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. நாங்கள் கோயில் என்று சொல்வது சர்ச்தான் என்பது சுகுணா அக்காவுக்கு வெகுநாள் புரியவில்லை. பூ கட்டிக் கொடுத்து, தன் பெயருக்கும் அர்ச்சனை பண்ணச் சொல்வார். வேலைக்கு வந்து இங்கே அறை எடுத்து இருக்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கு நான் சொல்வது புரியும். ஊரில் பிள்ளைக்கு ஆண்டவரைச் சொல்லிக்கொடுக்க ஒரு தெருவே இருந்தது. இங்கே ஜெனிக்கு அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் சொன்னது மட்டும்தான்.

நேற்று நாசரேத்திலிருந்து மதினி, என் கணவரின் அக்கா, வீடியோவில் வந்தார். ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். “கோயிலுக்குப் போனியளா?” என்றார். நான் ஜெனியின் முதுகில் விரலால் தட்டினேன்.

“போனோம் அத்த.”

“என்ன பாட்டு படிச்சாவ?”

பிள்ளை தயங்காமல் ஒரு பாட்டையும் பாடிக் காட்டினாள். என்ன சமர்த்து என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இப்போது அவளை என் பக்கம் திருப்பினேன். “இயேசப்பா யாரையும் குத்தமாட்டாரு மக்ளே. அம்மா சும்மா சொன்னேன்.”

“சும்மான்னா?”

“பொய்யா சொன்னேன்.”

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. ஜெனி ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தாள்.

“இயேசப்பாவப் பத்தியேவா பொய் சொன்ன?”

அவளுக்குக் கோபம் இல்லை. பயந்துபோயிருந்தாள், எனக்காக. சட்டென்று என் மடியில் ஏறி, இரண்டு கையாலும் என் கண்களை இறுக்கிப் பொத்தினாள். “தொறக்காதம்மா. அவரு போயிரட்டும்.”

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணைக் கசக்கிய கை; அந்தக் கண்வலி எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும். நாளைக் காலை என் கண் சிவந்திருந்தால் அவள் எதை நம்புவாள் என்பதும் தெரியும். அந்தக் கைகளை விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது.