நீங்க ஏறுங்க

தாமிரபரணிக்கு நடுவேயிருந்த திட்டில் குடியிருந்து, அக்கரைப் பள்ளிக்கு வாத்தியாராகப் போய்வந்த நாட்களில் அவரைத் தினமும் பார்ப்பேன். எங்கள் வீட்டில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். என்னை முதன்முதல் 'சார்வாள்' என்று கூப்பிட்டவர் அவர். நெடிய, கறுத்த மனிதர். தோணிக்காரரல்ல, எங்களைப்போல் திட்டில் குடியிருந்தவர்தான். இடுப்பளவு நீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு, "நீங்க ஏறுங்க" என்று எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியில்தான் ஏறுவார்.

ஏறும் ஆள் குறைவென்று சர்க்கார் தோணியை நிறுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. பார்வையிட அதிகாரி வரும் நாளில் எல்லோரும் துறைக்கு வரவேண்டுமென்று வீடு வீடாகச் சொன்னவர் அவரே. அவர் மகள் கர்ப்பிணி, மருத்துவச்சியோ அக்கரையில்.

ஊரே கூடியது. அதிகாரி திரும்பிப் போகத் தோணியில் அமர்ந்ததும் நானும் ஏறப்போனேன். தினமும் எல்லோரையும் ஏற்றிவிடுகிறவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பைய, சார்வாள்! பெரிய மனுசர் இருக்க தோணியில நாம போயி இடிச்சுக்கிட்டு உக்காரலாமா?"

அதைக் கேட்டு ஒருவரும் ஏறவில்லை.

"இத்தனை பேர் நிற்கிறீர்கள், ஒருத்தருக்கும் அக்கரையில் வேலையில்லை போலிருக்கிறதே!" என்று அதிகாரி சிரித்தார்.

ஐப்பசியில் தோணியை நிறுத்திவிட்டார்கள். அந்த மாத வெள்ளத்தில், பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி அக்கரையிலேயே நின்றாள். மகளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

தை மாதம் சேரன்மகாதேவிச் சாலையில் அவரைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஏறுங்க, அண்ணாச்சி."

"அன்னைக்கு உங்கள ஏற விட்டிருக்கலாம்லா, சார்வாள்" என்றார்.

அதற்குள் பின்னால் யாரோ ஒருவர் ஓடிவந்தார். வண்டியில் இன்னும் ஒருவருக்குத்தான் இடம். இவர் சட்டென்று ஒதுங்கி, "நீங்க ஏறுங்க" என்றார்.

பழக்கமா, தனக்கே விதித்துக்கொண்ட தண்டனையா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.