ஞானசிகாமணி அங்கிளின் மூன்று வாரக் காய்ச்சல்

அமெரிக்காவில் எங்கள் கேட்டி ஊரில் கார் இல்லாதவன் பாதி செத்தவன். மீதிப் பாதியை ஆகஸ்ட் வெயில் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில், எழுபத்தொன்பது வயதில், ஞானசிகாமணி அங்கிளுக்கு லைசென்ஸ் போய்விட்டது.

அங்கிள் நாசரேத்துக்காரர். எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆன்ட்டி தவறி நாலு வருஷம், மகன் சியாட்டிலில். எங்கள் தமிழ்ச் சபையில், ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தால் முதலில் எழுவது அவர்தான். பன்னிரண்டு நிமிஷம் பேசி, "ஆண்டவரே, என்னைத் தாழ்த்தும்" என்று கண்ணீரோடு முடிப்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே விண்ணப்பம். லைசென்ஸ் ஆபீசில் கண் பார்க்கும் மெஷினுக்குள் எட்டிப் பார்த்து, "எழுத்து எங்க இருக்கு?" என்று கேட்டாரே, அங்கே பதில் வந்துவிட்டது. அவருக்குத்தான் பதில் பிடிக்கவில்லை.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்களைச் சபைக்கு ஏற்றி வந்தது அவர்தான். வழியெல்லாம் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம். ஃப்ரீவே என்பதால் யாரும் இறங்கி ஓட முடியாது. இப்போது அவரே ஒருவரிடம், "என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. மகன் போனில், "ஊபர் புக் பண்ணுங்கப்பா" என்றானாம். "பரலோகத்துக்கே கூப்ட்டாலும் ஊபர்ல போக மாட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிறு ஜெபக் குழு வாட்ஸப்பில் அவர் செய்தி: "லேசான காய்ச்சல். ஜெபிக்கவும்." அடுத்த ஞாயிறும் அதே. எங்கள் சபையில் ஒரு காய்ச்சலை இரண்டு வாரம் தனியாக விட்டால் அது டைபாய்டு ஆகிவிடும். நான் "ஐசியூவா?" என்று மட்டும்தான் போட்டேன். என் கேள்விக்குறியை யாரும் மதிக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பாஸ்டர் பதறிப்போய் போன் செய்தார். "வீட்லதான்யா இருக்கேன்" என்றார் அங்கிள். "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க! ஸ்தோத்திரம்!" என்று பாஸ்டர் குழுவில் போட, ஆறு கார், நாலு பாத்திரம் கஞ்சியோடு கிளம்பியது.

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் படுத்திருந்தார் அங்கிள். பாஸ்டர் அவர் நெற்றியில் கை வைத்தார். கை நனைந்தது. "வேர்க்குது! காய்ச்சல் இறங்குது!" என்று ஜெபம் உச்சத்துக்குப் போன நேரம், பக்கத்து வீட்டு நஞ்சுண்டன் எட்டிப் பார்த்தார். கோபிக்காரர், வாராவாரம் கோயிலுக்குப் போகிறவர். அவர் மனந்திரும்ப வேண்டும் என்று அங்கிள் பல வருஷமாகக் கதவிடுக்கில் துண்டுப் பிரசுரம் செருகிவந்தார்.

"என்னங்க, வாசல்ல இத்தன காரு?"

"அங்கிளுக்குக் காய்ச்சல்ங்க."

"காய்ச்சலுங்களா? காத்தால புல்லு வெட்டிட்டு இருந்தாருங்களே!"

நான் சிரிக்கத் தயாரானேன். அங்கிள் கம்பளியைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"காய்ச்சல் இல்லய்யா. கண்ணு தெரியல. லைசென்ஸ எடுத்துட்டாங்க. யார்ட்டயும் கேக்க வெக்கமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்ன சாட்சிகளிலேயே சின்னது அதுதான்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அங்கிள்" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். எல்லார் வீடும் வேறு திசையில் இருந்தது.

"பக்கத்து வீட்டுல நான் எதுக்குங்க இருக்கறேன்?" என்றார் நஞ்சுண்டன். நிஜமாகவே கோபம். "ஞாயித்துக்கெழம அந்தப் பக்கந்தானுங்க போறேன்."

"நீங்க கோயிலுக்கு... நான் ஆலயத்துக்கு..." என்று இழுத்தார் அங்கிள்.

"வண்டிக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

அடுத்த ஞாயிறு அங்கிள் முன்சீட்டில், வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, டாஷ்போர்டுப் பிள்ளையாரோடு முகத்துக்கு முகமாக வந்து இறங்கினார். வழியில் பிரசங்கம் இல்லையாம். முருகன் பாட்டு ஓடியதாம், சத்தத்தைக் குறைக்கக்கூடச் சொல்லவில்லையாம்.

சாட்சி நேரத்தில் எழுந்தார். "என்னைய ஒருத்தர் கூட்டிட்டு வந்தாரு. ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் மிச்சத்துக்காகக் காத்திருந்தார். மிச்சம் இல்லை.

ஆராதனை முடிந்து பார்க்கிங்கில் நஞ்சுண்டன் நின்றிருந்தார். அங்கிள் பக்கத்தில் போய் ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினார். இருபத்திரண்டு வருஷம் ஆண்டவரிடம் அவர் கேட்டதைச் சபையே கேட்டிருக்கிறது. ஒரு மனுஷரிடம் கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"செவ்வாக்கெழம கண் டாக்டர்ட்ட போணும். கூட்டிட்டுப் போவீங்களா?"

"எத்தன மணிக்குங்க?" என்றார் நஞ்சுண்டன்.